பேர் உள்ள நாயும் பேர் இல்லாத சிப்பாயும்: பதக்கப் பட்டியல் என்னும் பிரதி

1

ஒரு படைப்பிரிவு தன் கதையைப் பட்டியலாகத்தான் சொல்லும். இன்ன பதக்கம் இத்தனை, இன்ன சக்கரம் இத்தனை, இன்னின்ன போர்களுக்காகக் கொடியில் பொறிக்கப்பட்ட கௌரவங்கள் இத்தனை. மெட்ராஸ் ரெஜிமெண்டின் கதையும் அப்படித்தான் சொல்லப்படுகிறது. 1758இல் கிழக்கிந்தியக் கம்பெனி நம் பக்கத்து ஆட்களைச் சேர்த்துப் பட்டாளம் அமைத்தது தொடங்கி, இந்தியாவின் மிகப் பழைய காலாட்படைப் பிரிவு என்ற பெருமை வரைக்கும் எல்லாம் எண்ணிக்கைதான். பட்டியலை யாரும் வாசிப்பதில்லை, பார்த்துவிட்டுச் சல்யூட் அடிப்பதோடு சரி. ஆனால் பட்டியலும் ஒரு பிரதிதான். அதை எழுதிய கை எது, அதில் யார் பேர் வருகிறது, எது அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது என்று கேட்கத் தொடங்கினால் அந்தப் பெருமிதம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

இந்தக் கேள்வியைத் திருவண்ணாமலையிலிருந்து கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. போரில் செத்தவனுக்குச் செய்யும் மரியாதையைக் கல்லில் எழுதி வைத்த ஊர்கள் இந்தப் பக்கம் ஏராளம். செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு நூலாக்கியது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நம் சனங்கள் அந்தக் கற்களை வேடியப்பன் என்று கும்பிட்டுப் பொங்கல் வைத்துக் கிடா வெட்டி வருகிறார்கள். தொல்பொருள் துறைக்குச் சான்றாக இருப்பது அவர்களுக்குச் சாமி.

2

எடுத்தனூர்க் கல் ஒன்று. முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். கருந்தேவக்கத்தி என்ற இளமகன் எருமைகளின் பொருட்டுச் சண்டையிட்டு மாண்டான். அவனோடு நின்ற நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் காத்தது. அந்த நாயின் பேர் கோவிவன். நாயின் உருவம் கல்லில் இருக்கிறது, பேரும் இருக்கிறது.

இதைச் சொன்னதும் பழங்காலம் பொற்காலம் என்று கிளம்பிவிட வேண்டாம். நடுகல்லும் அதிகாரத்தின் எழுத்துதான். முதலில் அரசன் பேரும் ஆண்டும், அடுத்து அவனுக்குக் கீழ்ப்பட்ட தலைவன் பேர், அதற்கும் கீழேதான் செத்தவன் வருகிறான். அவனுடைய மனைவியும் தாயும் வரவே மாட்டார்கள். ஆனாலும் இரண்டு விஷயங்களை மறுக்க முடியாது. செத்தவனின் பேர் அவனுடைய சனங்கள் நடமாடுகிற மண்ணிலேயே நிற்கிறது. இரண்டாவது, எதற்காகச் செத்தான் என்பதும் அதில் இருக்கிறது: மாட்டுக்காக, ஊருக்காக. போரில் விழுந்தவனின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி, நெய்த்தோர்ப்பட்டி என்று நிலம் விட்ட செய்திகளையும் கல்வெட்டுகளில் பார்க்கிறோம். ரத்தத்துக்கு ஈடாகச் சோறு விளையும் நிலம்.

பதினோரு நூற்றாண்டுகள் கழித்து அதே செங்கத்தில் மறுபடியும் போர். 1767 செப்டம்பரில் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படை ஹைதர் அலி, நிஜாம் ஆகியோரின் படைகளோடு முதலில் செங்கத்திலும் அந்த மாதக் கடைசியில் திருவண்ணாமலையிலும் மோதியது. கம்பெனிப் படையில் பெரும்பகுதி நம் பக்கத்துச் சிப்பாய்கள். ஸ்மித்தின் பேர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அங்கே விழுந்த சிப்பாய்களில் ஒருவனுக்காவது ஒரு கல் உண்டா? மகேந்திரவர்மன் காலத்தில் ஒரு நாய்க்குக் கிடைத்தது கம்பெனி காலத்தில் மனுசனுக்குக் கிடைக்கவில்லை.

3

கல்லின் இடத்துக்குப் பதக்கம் வருகிறது. பதக்கத்தின் இலக்கணத்தைச் சீரங்கப்பட்டணம் பதக்கத்தில் தெளிவாகப் பார்க்கலாம். 1799 மே 4ஆம் தேதி திப்பு கொல்லப்பட்டார். வெற்றியைக் கொண்டாடக் கம்பெனி இங்கிலாந்தில் பதக்கம் அடித்தது. பிரிட்டிஷ் சிங்கம் மைசூர்ப் புலியைக் கீழே தள்ளி மிதிக்கிற உருவம். எல்லோருக்கும் ஒரே உருவம், ஆனால் உலோகம் வேறு வேறு. தளபதிகளுக்குத் தங்கம், அடுத்தவர்களுக்குத் தங்கமுலாம் பூசிய வெள்ளி, பிறகு வெள்ளி, பிறகு வெண்கலம், கடைசியில் சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். வீரம் பொது என்று உருவம் சொல்ல, இல்லை என்கிறது உலோகம். பந்தி ஒன்றுதான், இலைதான் வேறு என்கிற நம்மூர் ஏற்பாட்டுக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

1803 செப்டம்பர் 23இல் மராட்டியர்களுக்கு எதிராக அசாயேயில் நடந்த போருக்குச் சென்னைப் பட்டாளங்களுக்கு யானைச் சின்னம் கிடைத்தது. சிப்பாய்க்கு? அந்தப் போரை உள்ளடக்கிய பதக்கம் 1851இல்தான் அறிவிக்கப்பட்டது, அதுவும் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும். இருபது வயதில் அசாயேயில் நின்றவனுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. எத்தனை பேர் மிச்சமிருந்திருப்பார்கள்?

இதற்கு நடுவில்தான் 1806 ஜூலை 10, வேலூர். புதுத் தலைப்பாகை, தோல் குஞ்சம், நெற்றிக் குறிக்குத் தடை, தாடிக்குத் தடை. அதை எதிர்த்து எழுந்தவர்களும் இதே சென்னைப் பட்டாளத்தார்தான். அவர்களுக்குப் பீரங்கி வாயும் தூக்குக் கயிறும் கிடைத்தன. பட்டாளங்கள் கலைக்கப்பட்டன. பட்டியலிலிருந்து ஒரு எண்ணை நீக்குவதும் ஒரு வகை எழுத்துதான். 2006இல் இந்திய அரசு வேலூருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. கலகக்காரனுக்கு இருநூறு வருடம் கழித்து ஒரு தபால் தலை!

சுதந்திரத்துக்குப் பின் சிக்கல் முளைத்தது. இந்தியாவை அடிமையாக்கிய போர்களில் கிடைத்த கௌரவங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவற்றை அருவருக்கத்தக்கவை என்று வகைப்படுத்திக் கொண்டாட வேண்டாமென்று முடிவானது. கர்நாடகப் போர், சோளிங்கர், சீரங்கப்பட்டணம், அசாயே எல்லாம் இந்த வகைதான். ஆனால் மெட்ராஸ் ரெஜிமெண்டின் சின்னத்தைப் பாருங்கள். குறுக்காக வைத்த இரண்டு வாள்களுக்கு மேல் அதே அசாயே யானை. படைப்பிரிவின் மையம் நீலகிரியில், வெலிங்டனில். அசாயேயில் படை நடத்திய ஆர்தர் வெல்லஸ்லி பின்னாளில் பெற்ற பட்டத்தின் பேர்தான் அந்த ஊருக்கு. போர் அருவருப்பு, அதன் சின்னம் பெருமை. தேசியக் கதையாடல் இந்த முரணைத் தீர்க்க முயலவில்லை, யானையின் மேல் ஒரு புது அம்பாரியை ஏற்றிவிட்டது.

4

படைப்பிரிவின் இலச்சினை வாசகம் சமஸ்கிருதம். சுயதர்மத்தில் சாவதே மேலானது என்னும் பொருளில் கீதையின் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து எடுத்தது. சுயதர்மம் என்பது வருணத்துக்கு விதிக்கப்பட்ட கடமை என்றே மரபுவழி உரைகள் சொல்கின்றன. அப்படியானால் சென்னைப் பட்டாளத்தை நிரப்பிய பறையர்களும் மற்ற உழைக்கும் சாதியினரும் எந்தத் தர்மப்படி துப்பாக்கி தூக்கினார்கள்? அந்த வாசகத்தின் தர்க்கப்படி அவர்கள் செய்தது பரதர்மம். தங்களை வெளியே நிறுத்தும் வாசகத்தைத் தொப்பியில் சுமந்துகொண்டு செத்திருக்கிறார்கள்.

வெள்ளைக்காரனும் தன் பங்குக்கு ஒரு வருணம் கண்டுபிடித்தான். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும் பிறகு 1893 வரை இந்தியப் படைக்கும் தலைமை தாங்கிய ராபர்ட்ஸ், போர்க்குடி என்ற கருத்தை உயர்த்திப் பிடித்தார். வடமேற்கின் சில இனங்களே வீரர்கள், தென்னாட்டான் லாயக்கில்லை. அதன் பிறகு சென்னைக் காலாட்படை படிப்படியாகக் குறைக்கப்பட்டது, 1920களில் அநேகமாகக் கலைக்கவே பட்டது. உலகப்போர் வந்து ஆள் தட்டுப்பாடு ஏற்பட்டதும் 1941க்குப் பின் அதே லாயக்கில்லாதவர்களை மறுபடியும் கூப்பிட்டார்கள். சம்பளமும் பென்ஷனும் சேரிக்கு வந்து சேர ஒரு வழியாக இருந்தது பட்டாளம். வீரம் போதாது என்று சொல்லி அடைத்ததும் அந்த வழியைத்தான்.

போர் முழக்கத்தையும் கேளுங்கள்: வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு. மதராசி என்பது வடக்கே நம்மையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டும் சொல். அணிவகுப்புக் கட்டளை இந்தி, தர்மம் சமஸ்கிருதம், கொல்லுவதற்கு மட்டும் நம்ம பாஷை. இந்த மொழிப் பங்கீட்டை எந்த இலக்கணக்காரரும் எழுதவில்லை.

5

இனி நமக்கே வலிக்கிற இடத்துக்கு வருவோம். 1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை இந்திய அமைதிப்படை ஈழத்தில் இருந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் பட்டாளங்களும் அதில் இருந்தன. 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களும் இந்தியப் படையினரால் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பர் 25இல் மகார் ரெஜிமெண்டைச் சேர்ந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் சண்டையில் இறந்தார். அவருக்குப் பரம் வீர் சக்கரம் வழங்கப்பட்டது. திரும்பி வந்த படையை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை.

தமிழ் அரசியல் இதில் இரண்டு கட்சியாகப் பிரிந்துபோனது. படையை வாழ்த்தியவர்கள் மருத்துவமனையைப் பேசவில்லை. மருத்துவமனையைப் பேசியவர்கள் ஆயிரத்துக்கும் மேல் செத்துப்போன சிப்பாய்கள் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்கவில்லை. பதக்கம் இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாத வடிவம். அது தீரத்தை மட்டும் தனியே வெட்டி எடுத்துக்கொள்கிறது. யாருக்கு எதிராக, யார் முடிவால், எதன் விளைவோடு என்பதெல்லாம் வெட்டின மிச்சத்தில் போய்விடுகிறது. எடுத்தனூர்க் கல்லில் எருமை இருக்கிறது. பதக்கத்தில் அந்த எருமை இல்லை. எதற்காகச் செத்தான் என்ற இடம் காலியாக விடப்பட்டு, அங்கே தேசம் என்ற ஒரே சொல் வைக்கப்படுகிறது.

பேர் விஷயத்திலும் அதே கதைதான். முதல் உலகப்போருக்குப் பின் நம் கிராமங்கள் பலவற்றில் வெள்ளை அரசு பதித்த பலகைகள் இருக்கின்றன. இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். அவ்வளவுதான், எண் மட்டும். பஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்திய அதிகாரிகளுக்குப் பேர் உண்டு, சாதாரணச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கைதான். இப்படி நடத்தியது பாரபட்சம் என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் ஒப்புக்கொண்டது. நூறு வருடம் ஆகியிருக்கிறது.

குடியரசு 1950இல் ஏற்படுத்திய வீரச் சக்கரங்களில் உலோகப் படிநிலை இல்லை. ஜவானுக்கும் அதிகாரிக்கும் ஒரே சக்கரம். இது உண்மையான முன்னேற்றம், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே பட்டியலில் பரம் விசிஷ்ட சேவா போன்ற சேவைப் பதக்கங்களும் சேர்த்து எண்ணப்படுகின்றன, அவை பெரும்பாலும் ஜெனரல்களின் மார்புக்கே போகின்றன. 2017இல் திருத்தப்பட்ட மாதப்படி பரம் வீர் சக்கரத்துக்கு 20,000 ரூபாய், சேனா பதக்கத்துக்கு 2,000 ரூபாய். 2022இல் அக்னிபத் வந்தது: நான்கு வருடம் வேலை, பென்ஷன் கிடையாது. உதிரப்பட்டியிலிருந்து பென்ஷன், பென்ஷனிலிருந்து நான்கு வருட ஒப்பந்தம். மரியாதை அளவில் பெருகப் பெருக அதன் அடியில் இருந்த நிலம் உருவப்பட்டுக்கொண்டே வருகிறது. “மெடலு பொட்டியிலதான் கெடக்குது, அத வெச்சி இன்னா பண்றது” என்று ஒரு பட்டாளத்துக்காரர் வீட்டில் கேட்டால் அது நன்றிகெட்ட பேச்சு அல்ல. பதக்கம் பற்றிய ஆகச் சிறந்த விமர்சனம் அதுதான்.

எனவே எழுதுகிறவர்களுக்கும் களத்தில் நிற்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கிராமத்துப் பலகையில் உள்ள எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பேர்களைத் தெருவாரியாக, சேரி உட்பட, கேட்டு எழுத வேண்டும். போனவன் ஏன் போனான், கடனா, பஞ்சமா, சாதிக் கொடுமையா என்று எழுத வேண்டும். வந்த பணம் நின்றபிறகு அவன் மனைவி எப்படிக் குடும்பம் நடத்தினாள் என்பதை அவள் வாயாலேயே கேட்டு எழுத வேண்டும். அவன் யாரைச் சுட்டான் என்பதையும் விட்டுவிடக் கூடாது. அதை விட்டால் நாமும் இன்னொரு பதக்கம்தான் அடித்துக்கொண்டிருப்போம்.