வந்தானா, வந்தாரா?

நாலு வருஷம் முன்னாடி ஒரு சிறுகதை எழுத உட்கார்ந்தேன். எங்க விளையில் பனை ஏற வந்த ஒருத்தரைப் பற்றிய கதை. முதல் வரைவு தன்மையில் இருந்தது. படித்த நண்பன், "எல்லாவனும் நான் நான்னுதாம்ல எழுதுதான், படர்க்கையில எழுதிப் பாரு" என்றான். சரின்னு மாற்றினேன். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். காலையில் விளைக்கு அவர் வந்தானா, வந்தாரா?

அவருக்கு அப்போது அறுபது வயதிருக்கும். பத்து வயசுப் பையனான நானும் "பனையேறி வந்துட்டான்" என்றுதான் வீட்டுக்குள் குரல் கொடுப்பேன். 'வந்தார்' என்று எழுதினால் எங்க வீட்டைப் பற்றிப் பொய் சொல்கிறேன். 'வந்தான்' என்றால் அதே குரலை எழுத்தில் இன்னொரு தடவை கொடுக்கிறேன்.

எல்லாம் அறிந்த கதைசொல்லி, ஒருவர் தோளுக்குப் பின்னால் நிற்கும் கதைசொல்லி என்றெல்லாம் பட்டறைகளில் சொல்லித் தருகிறார்கள். தப்பில்லை. ஆனால் ஆங்கிலத்தின் 'ஹி' முதலாளிக்கும் கூலிக்காரருக்கும் ஒன்றுதான். தமிழில் வினைமுற்றே ஆளை எடைபோட்டுவிடும். 'நான் வந்தேன்' என்பதில் ஆண் பெண் இல்லை, மேல் கீழ் இல்லை. நம்மில் இவ்வளவு பேர் தன்மையில் எழுதத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. (நாகர்கோவில்காரரான சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யும் 'ஜே.ஜே: சில குறிப்புக'ளும் தன்மையில் சொல்லப்பட்டவைதான். அவருக்கு வேறு காரணங்கள். அதற்குத் தனிக் கட்டுரை வேணும்.)

அப்போதுதான் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) நாவலைத் திரும்பப் படித்தேன். நொடித்துப்போன ஒரு பெரிய வீடு. வயசுக்கு வந்ததும் அதற்குள் அடைக்கப்படும் லிஸி. அவள் விரும்புகிற தங்கராஜ் ஒரு பனையேறியின் மகன். கதை படர்க்கையில் போகிறது. ஆனால் வீட்டுப் பெரியவரைக் கதைசொல்லி லிஸி கூப்பிடுவதுபோல 'கண்ணப்பச்சி' என்றே சொல்கிறார். அந்த ஒரு உறவுச்சொல்லே நாம் யார் பக்கத்தில் நிற்கிறோம் என்று காட்டிவிடுகிறது. தங்கராஜ் 'அவன்'தான். வீட்டார் கண்ணில் அந்த 'அவன்' ஏளனம்; லிஸி கண்ணில் நெருக்கம். விகுதி மாறவே இல்லை. பார்க்கிற ஆள் மாறும்போது அதன் சூடு மாறுகிறது. இதைப் படித்த பிறகு, சிக்கல் இலக்கணத்தில் இல்லை, யார் பார்க்கிறார்கள் என்பதை நான் முடிவு செய்யாததில் இருக்கிறது என்று பட்டது.

ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' (2003) இதை இன்னும் கொடூரமான இடத்துக்குக் கொண்டுபோகிறது. ஊனமுற்ற பிச்சைக்காரர்களை வாங்கி விற்கிறவர் போத்திவேலுப் பண்டாரம். மகள்களுக்காக உருகுகிற தகப்பனும் அவர்தான். தொழிலில் அந்த மனிதர்களுக்குப் பெயர் 'உருப்படி'. அஃறிணைச் சொல், 'வந்தது, போனது' என்றுதான் முடியும். கதைசொல்லியோ முத்தம்மையைச் சொல்லும்போது 'சொன்னாள்' என்கிறார். எங்கேயும் பிரசங்கம் கிடையாது. ஒரு 'ள்', அவ்வளவுதான். அதே சமயம், அவளை வைத்துப் பிழைக்கிற பண்டாரத்துக்கு மரியாதை விகுதி. முதல் வாசிப்பில் அது எனக்கு உறுத்தவே இல்லை. ஊர் எப்படிப் பேசுமோ அப்படியே இருக்கிறது, அதனால்தான். இரண்டாம் வாசிப்பில் என் மேலேயே அருவருப்பு வந்தது.

என் கதையைப் பையனின் கண்ணில் வைத்தேன். 'வந்தான்' என்றே எழுதினேன். யோக்கியமாக இருந்தது, ஆனால் மூச்சு முட்டியது. போன வருஷம் அவர் இறந்தார். முதல் தடவையாக அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் இருந்த அவர் மனைவி, "அவரு கருப்பட்டிக் காப்பி குடிக்காம மரத்துல ஏறமாட்டாரு" என்றார். அவருக்கு 'ரு' போட்டு ஒருத்தர் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கதையை அந்தத் திண்ணையிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறேன். அந்த வீட்டை எனக்குப் பத்து நிமிஷம்தான் தெரியும். இரண்டு பக்கத்துக்கு மேல் நகரவில்லை.