பழவேற்காட்டுக்கு எதற்கு ஓராண்டு விழா?

பழைய ஊர்களுக்குப் பண்பாட்டுத் தலைநகர் என்று பட்டம் சூட்டி ஓராண்டு முழுக்க விழா எடுப்பது இப்போது உலக வழக்கமாகிவிட்டது. 1985இல் ஏதென்ஸில் ஐரோப்பா தொடங்கிவைத்தது. 2022–23க்கு ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பு காசியைத் தேர்ந்தெடுத்தது. இந்த வரிசையைக் காட்டி, பழவேற்காட்டுக்கும் அப்படியோர் ஆண்டு வேண்டும் என்று பாரம்பரிய ஆர்வலர்கள் சிலர் பேசுகிறார்கள்.

அவர்களுடைய ஆதங்கம் பொய்யல்ல. 1613இல் டச்சுக்காரர்கள் எழுப்பிய கெல்டிரியா கோட்டை இன்று முட்புதர் மூடிய மேடு. விழா வந்தால் சாலை சீராகும், கழிப்பறை வரும், பனையோலைக் கூடை முடையும் பெண்களுக்கு நாலு காசு கிடைக்கும். நல்லது.

ஆனால் இத்தகைய விழாக்கள் எதைப் பண்பாடு என்று எடுத்துக்கொள்கின்றன? அவற்றுக்குக் கல்தான் பிடிக்கும். கல் எதிர்த்துக் கேள்வி கேட்காது. டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இருபுறமும் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் சுவரொட்டிக்கு எடுப்பாக இருக்கும். அதே டச்சுக் கம்பெனி 17ஆம் நூற்றாண்டில், பஞ்சத்தில் அடிபட்டவர்களை அடிமைகளாக வாங்கி இந்தத் துறையிலிருந்து பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றியது சுவரொட்டியில் வராது. இந்திய–டச்சு நட்புறவு என்று மேடைதான் போடுவார்கள்.

பழவேற்காட்டின் பண்பாடு ஏரித் தண்ணீரில் இருக்கிறது. எந்தக் குப்பத்தார் எங்கே, எந்த நாளில் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பாடு பல தலைமுறைகளாக நடந்துவருகிறது. பாடு உரிமை எல்லோருக்கும் கிடையாது. சாதி வரம்பு கொண்ட ஏற்பாடு அது. அந்தக் குறையையும் சேர்த்துத்தான் ஊர் அதைப் பேசித் தீர்க்க வேண்டும். பாடில்லாத இருளர் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் குந்தி நகர்ந்து, இரு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். விழாக்குழு இதைப் புகைப்படக் கண்காட்சி ஆக்கும். திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருவார். அந்தப் பெண்களுக்கு வேண்டியது இறால்.

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால் கடல்நீர் ஏறாது, இறால் குஞ்சு உள்ளே வராது, படகு கடலுக்குப் போகாது. அதை நிரந்தரமாகத் திறந்துவைக்கச் சொல்லி மீனவர்கள் மனுவும் கையுமாக அலைந்தது பல ஆண்டுகள். தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகம் வந்ததிலிருந்து கரை அரிக்கிறது என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருக்கிறார்கள். வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் தளத்துக்காக வெளியேற்றப்பட்டவர்களின் குடும்பங்களும் இந்த ஏரியை நம்பித்தான் பிழைக்கின்றன. இந்தச் சிக்கல்களில் எதையாவது பன்னிரண்டு மாத நிகழ்ச்சி நிரல் தொடுமா? தொடாது. தொட்டால் நன்கொடை நின்றுபோகும். துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளும் சூழ்ந்த ஊரில், விழாவுக்குப் பணம் யாரிடம் கேட்பார்கள் என்பது தெரியாததா?

இத்தாலியின் மத்தேராவைப் பாருங்கள். அங்கே குகைவீடுகளில் வாழ்ந்த ஏழைகளை, சுகாதாரக் கேடு என்று காரணம் சொல்லி 1952இல் சட்டம் போட்டு வெளியேற்றினார்கள். 2019இல் அது ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகர். அந்தக் குகைகளில் பல இன்று சுற்றுலா விடுதிகள். இதைத்தான் வெற்றிக் கதையாக நம்மிடம் விற்கிறார்கள்.

கூட்டத்தை அழைப்பதிலாவது நமக்குப் பொறுப்பு இருந்திருக்கிறதா? 2011 கிறிஸ்துமஸ் அன்று இந்த ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஒருநாள் கூட்டத்தையே காப்பாற்ற முடியாத இடத்துக்கு ஓராண்டுக் கூட்டத்தைக் கூப்பிடுகிறோம்.

பாரம்பரியத்தில் அக்கறையுள்ள நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குப்பத்துப் பஞ்சாயத்தாரும் இருளர் பெண்களும் விழாக்குழுவில் முடிவெடுக்கும் இடத்தில் உட்காராதவரை, முகத்துவாரமும் கரை அரிப்பும் நிகழ்ச்சி நிரலின் முதல் பக்கத்தில் ஏறாதவரை, இந்தக் கோரிக்கையில் கையெழுத்துப் போடாதீர்கள்.