பேறுகால உதவியில் தாய் எங்கே? ஏற்காட்டிலிருந்து ஒரு வாசிப்பு

தமிழ்நாட்டில் பிரசவம் பற்றி யார் பேசினாலும் முதலில் ஒரு எண் வந்துவிடும். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றுப்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. பெருமைப்பட வேண்டிய எண்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே கணக்கெடுப்பின் சுருக்க அறிக்கை, பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்பை முதல் இரண்டு நாளுக்குள் பரிசோதனை நடந்ததா என்பதைக் கொண்டே அளக்கிறது. அதாவது தாய் இன்னும் வார்டில் படுத்திருக்கும்போதே கணக்கு முடிந்துவிடுகிறது. மூன்றாம் நாள் அவள் வண்டி ஏறி மலைக்குப் போன பிறகு என்ன ஆனாள்? அந்தச் சதவீதத்தில் இது தெரியாது.

இதை ஏற்காட்டை வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கு. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏரியும் பூங்காவும் உள்ள ஊர் வரும். சுற்றுலாக்காரர்கள் அத்தோடு திரும்பிவிடுவார்கள். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி ஊர்களும் காபித் தோட்டக் குடியிருப்புகளும் அதற்கு அப்பால்தான் இருக்கின்றன. வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்த பெண்ணுக்கு அந்த 20 வளைவு என்ன செய்யும் என்று யோசிச்சுப் பாருங்க. மாநிலத்தில் 44.9 சதவீதப் பிரசவம் சிசேரியன். இதே கணக்கெடுப்புதான் அதையும் சொல்கிறது.

பிரசவம் முடிந்தவளை இலவசமாக வீட்டில் இறக்கிவிட வேண்டும் என்பது 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின் உரிமை. நல்ல ஏற்பாடு. பின்னால், பிரசவத்துக்குப் பிந்தைய சிக்கல் வந்தாலும் அது பொருந்தும் என்று விரிவுபடுத்தினார்கள். ஆனால் அது சிக்கல்தான் என்று முதலில் யாராவது கண்டுபிடித்தாக வேண்டுமே! பிரசவத்துக்குப் பின் ரத்த அழுத்தம் பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் உச்சத்துக்கு ஏறும். தலைவலி, கண் மங்கல் என்று அவள் சொன்னால், பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். அழுத்தம் பார்க்கும் கருவி இல்லாத வீட்டில் வேறு என்னதான் சொல்வது? உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பரிந்துரை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஒரு சந்திப்பு வேண்டும் என்கிறது. வண்டி அவளை இறக்கிவிட்டுப் போவதும் அந்த நேரத்தில்தான்.

காகிதத்தில் நம்மிடம் அதைவிட நல்ல அட்டவணையே உண்டு. வீட்டிலேயே பச்சிளங்குழந்தை பராமரிப்பு என்ற திட்டத்தில் ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டுக்கு வரணும். இதன் வேர் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதி செய்த வேலை. பச்சிளங்குழந்தை மரணத்தை வீட்டுக்கே போய்க் குறைக்கலாம் என்று அவர்கள் காட்டியது 1999-ல் லான்செட் இதழில் வந்தது. அதே கட்சிரோலியில் 772 தாய்மாரைப் பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வு, பிரசவத்துக்குப் பின் 100-க்கு 43 பேருக்கு ஏதாவது ஒரு உடல்நலக் கோளாறு இருந்ததாகச் சொன்னது. முதல் ஆய்வு தேசியத் திட்டமானது. இரண்டாவதற்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. திட்டத்தின் பெயரிலேயே குழந்தை மட்டும்தான் இருக்கிறது, கவனிச்சீங்களா? படிவத்தில் தாயைப் பற்றியும் கேள்விகள் உண்டு, ஆனால் துணைக்கேள்விகளாக.

ஊக்கத்தொகை விதி இன்னும் விசித்திரம். ஆறு முறை போய்வந்தால் 250 ரூபாய், அதாவது ஒரு முறைக்கு 42 ரூபாய்கூட இல்லை. அதைத் தருவதற்கும் நிபந்தனைகள்: எடை பதிவாகி இருக்கணும், தடுப்பூசி போட்டிருக்கணும், பிறப்புப் பதிவு நடந்திருக்கணும், 42-ஆம் நாள் தாயும் சேயும் நலமாக இருக்கணும். கடைசி நிபந்தனையை எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். ஆனால் தாய் இறந்துபோன வீட்டுக்கு அதிகமாக நடந்தவளுக்குக் காசு இல்லை என்பதுதானே அதற்கு அர்த்தம்? தமிழ்நாட்டில் ஆஷாக்கள் பெரும்பாலும் மலைப்பகுதிகளில் மட்டுமே இருக்கிறார்கள். அதனால் இந்த விதி இங்கே கடிப்பதும் மலையைத்தான்.

கிராம சுகாதாரச் செவிலியர் கணக்கும் அப்படித்தான். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று. சலுகை மாதிரி தெரியும். சமவெளியில் 3,000 பேர் என்றால் சில தெருக்கள். சேர்வராயனில் அதே 3,000 பேர் மேட்டுக்கு ஒன்று, பள்ளத்துக்கு ஒன்று என்று சிதறிய ஊர்களில் இருப்பார்கள். தலையை எண்ணியவர்கள் தூரத்தை எண்ணவில்லை.

இப்போது பணத்துக்கு வருவோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018-ல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ஆனது. நாட்டிலேயே தாராளமான திட்டங்களில் ஒன்று. 2018 அட்டவணைப்படி அரசு மருத்துவமனையில் பிரசவமானதும் 4,000 ரூபாய், பிறகு குழந்தைக்கு மூன்றாம் தவணைத் தடுப்பூசி போட்டதும் 4,000. தாய்க்கான பணம், ஆனால் அதை அளப்பது பிள்ளையின் தொடையில் ஏறும் ஊசி. 2024-ல் ஐந்து தவணையை மூன்றாக்கினார்கள்: கர்ப்பத்தின் நான்காம் மாதம் 6,000, பிரசவத்துக்குப் பின் நான்காம் மாதம் 6,000, ஒன்பதாம் மாதம் 2,000. அலைச்சல் குறைந்தது நல்லதுதான். ஆனா பிள்ளை பெத்த கையோடு வர வேண்டிய தவணை இந்த மாற்றத்தில் காணாமலே போச்சு. வீட்டில் சம்பளம் நின்று, பாலுக்கும் முட்டைக்கும் மலை இறங்கிவரும் வண்டிக்கும் காசு வேண்டிய அந்த 42 நாளில் ஒரு ரூபாய்கூட வராது.

தோட்டக் கூலிப் பெண்ணுக்கு இது வெறும் வசதிக்குறைவு இல்லை. 1961-ன் பேறுகாலச் சட்டம் தோட்டங்களுக்கும் பொருந்தியது. 2017 திருத்தத்துக்குப் பிறகு சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு. ஆனால் முந்தைய 12 மாதத்தில் அந்த முதலாளியிடம் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 80 நாள்தான். காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் இந்தத் தோட்டத்தில் ஒரு மாதம், அடுத்ததில் ஒரு மாதம் என்று மேஸ்திரி பின்னால் போகிறவளுக்கு எந்தச் செக்ரோலில் 80 நாள் சேரும்? பேறுகாலம் பழப் பருவத்தோடு மோதினால் தீட்டு, பத்தியம் எல்லாம் பார்க்க நேரமில்லாமல் அவள் கூடையைத் தூக்குவாள்.

மனசு பற்றி எந்த அட்டவணையும் பேசவில்லை. வேலூர் மாவட்டக் கிராமங்களில் 359 கர்ப்பிணிகளிடம் தொடங்கி 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு உள்ளானவர்கள் 11 சதவீதம். மருந்துப் பையோடு வருகிறவர், ராத்திரி தூக்கம் வருதாம்மா, யாராவது ஒத்தாசைக்கு இருக்காங்களா என்று கேட்க எந்தக் கருவியும் வேண்டாம்.

செய்யக்கூடியவை பெரிய விஷயங்கள் இல்லை. பழங்குடிப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவத்துக்கு முன் வந்து தங்கக் காத்திருப்பு அறைகள் கட்டினார்கள். வீடு எட்டாத தூரத்தில் உள்ள தாயைப் பிரசவத்துக்குப் பின் ஏழாம் நாள் வரை அதே அறையில் துணையோடு தங்க வைக்கலாம். நான்காம் மாத 6,000-ல் பாதியை டிஸ்சார்ஜ் அன்றே கணக்கில் போடலாம். ஆஷாவுக்கு ஒவ்வொரு வருகைக்கும் தனித்தனியாக, தூரத்தைப் பார்த்துக் காசு தரலாம், தாய் பிழைத்தாளா என்று பார்க்காமல். அவர் பையில் ரத்த அழுத்தக் கருவி ஒன்று இருக்கட்டும். அடுத்த கணக்கெடுப்பில், ஏழாம் நாள் உங்களை யாராவது வந்து பார்த்தார்களா என்று ஒரு கேள்வி சேர்க்கட்டும்.