கூழாங்கல்

செஞ்சிக்குப் போகிறவர்கள் தேசிங்கு ராஜனைப் பார்க்கத்தான் போகிறார்கள். நானும் அந்த நினைப்போடுதான் சென்ற கோடையில் போனேன். ராஜகிரி எண்ணூறு அடி உயரம் என்று சொல்கிறார்கள். சித்திரை வெயிலில் ஏறுகிறவனுக்கு அந்தக் கணக்கு பொய்யாகவே படும். பாதி வழியில் ராஜனை மறந்துவிட்டேன். மிஞ்சியது பாறைதான். யாரோ கூடை கூடையாகக் கொண்டு வந்து கொட்டிவிட்டுப் போன மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் உருண்டைப் பாறைகள். செருப்பையும் தாண்டி உள்ளங்காலில் ஏறுகிற சூடு. காலியாகிவிட்ட தண்ணீர்ப் பாட்டில்.

நமது சினிமாவுக்கும் செஞ்சி என்றால் தேசிங்குதான். 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்து 'ராஜா தேசிங்கு' வெளிவந்தது. 1714-ல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்டுபோன ஓர் இளைஞனின் கதை. குதிரை உண்டு, வாள் உண்டு, காதல் உண்டு, பாட்டு உண்டு. பொழுதுபோக்குக்குக் குறைவே இல்லை. ஆனால் அந்தப் படத்தில் யாருக்காவது தாகம் எடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அன்று மாலை, செஞ்சியில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' படத்தைப் பார்த்தோம். 2021-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது என்கிற முதற்பரிசு பெற்ற படம். அதே ஆண்டு ஆஸ்கார் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. நம் ஜனங்கள் வீட்டிலிருந்து பார்க்க அது சோனி லிவ் தளத்துக்கு வந்தது 2023 அக்டோபரில். ராட்டர்டாமிலிருந்து செஞ்சிக்கு வர இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. இதைப் பற்றிக் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் படத்தைப் பற்றிப் பேசுவது அதைவிட உபயோகமானது.

கதை என்று சொல்ல அதிகம் இல்லை. குடிகாரக் கணவன் கணபதி. அவனுடைய அடி தாங்காமல் மனைவி சாந்தி பிறந்தகம் போய்விட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து மகன் வேலுவை இழுத்துக்கொண்டு, பஸ் ஏறி, மாமனார் ஊருக்குப் போகிறான் கணபதி. அங்கே மச்சானோடு சண்டை, கைகலப்பு. அவளோ அதற்குள் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள் என்று தெரிகிறது. அவளைத் தீர்த்துவிடுவது என்ற வெறியோடு திரும்ப நினைக்கிறான். அந்த இடத்தில் பையன் ஒரு காரியம் செய்கிறான். பஸ்ஸுக்கு வைத்திருந்த ரூபாய் நோட்டுகளைக் கிழித்துப் போட்டுவிடுகிறான். அடி வாங்குகிறான். பிறகு இருவரும் பதின்மூன்று கிலோமீட்டர் வெயிலில் நடக்கிறார்கள். மொத்தம் ஒன்றேகால் மணி நேரத்துப் படம்.

நண்பர் நடுவிலேயே நெளிய ஆரம்பித்துவிட்டார். "என்ன ஸார் இது, நடக்கிறாங்க, நடக்கிறாங்க, நடந்துகினே இருக்காங்க. கதை எங்கே?" என்றார். நியாயமான கேள்விதான். பதில், அந்த நோட்டுகள் கிழிந்த இடத்தில் இருக்கிறது.

பையன் ஏன் கிழித்தான் என்று படத்தில் ஒருவரும் சொல்வதில்லை. அவனும் சொல்வதில்லை. பஸ்ஸில் போனால் அப்பா சீக்கிரம் போய்விடுவார், கோபம் சூடாறாமல் போவார், அம்மாவை அடிப்பார். நடந்து போனால்? இவ்வளவையும் ஒரு சிறுவன் மனசுக்குள் கணக்குப் போட்டிருக்கிறான். இதே கட்டத்தை நான் நாவலில் எழுதியிருந்தால் குறைந்தது அரைப் பக்கம் பையனுடைய மனத்துக்குள் புகுந்து விளக்கியிருப்பேன். விளக்கியதற்காக என்னைப் பாராட்டியும் இருப்பார்கள். வினோத்ராஜ் காகிதத் துண்டுகளைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். மீதியை நாம் நடந்து தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

படம் பிறந்த கதையை அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய சகோதரி கணவனால் விரட்டப்பட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பதின்மூன்று கிலோமீட்டர் நடந்தே தாய் வீடு வந்து சேர்ந்தாராம். இது தெரிந்த பிறகு படம் எனக்கு வேறு விதமாகத் தெரிந்தது. வாழ்க்கையில் நடந்தவள் பெண். படத்தில் நடப்பவன் ஆண். அதே தூரம், அதே வகை வெயில். ஒரு பெண் பட்ட பாட்டைத் திரும்பச் சொல்லி நம்மை அழ வைப்பது சுலபம். தமிழ் சினிமாவுக்கு அது கைவந்த கலை. இவர் அந்தப் பாட்டை எடுத்து, அதைக் கொடுத்தவன் தலையில் ஏற்றி நடக்க விடுகிறார். தண்டிப்பவர் யாரும் இல்லாத தண்டனை. வெயிலும் தூரமும் போதுமானதாக இருக்கிறது.

படப்பிடிப்பு மேலூருக்குப் பக்கத்தில் அரிட்டாபட்டி வட்டாரத்தில் நடந்திருக்கிறது. பொட்டல், கருவேல், மொட்டைப் பாறை. விக்னேஷ் குமுளையும் ஜெய பார்த்திபனும் காமிராவை நடப்பவர்களின் வேகத்துக்கே விட்டிருக்கிறார்கள். சில சமயம் கணபதியின் முதுகுக்குப் பின்னாலேயே அது போகிறது. சில சமயம் வெகு தூரத்தில் நின்றுகொண்டு, இரண்டு எறும்புகளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறது. கருத்தடையான் என்ற நடிகரின் நடை ஒன்றே போதும். கோபக்காரன் நடை எப்படி மெல்ல மெல்லக் களைத்தவன் நடையாகிறது என்பதை வசனமே இல்லாமல் காட்டுகிறார். வேலுவாக வரும் செல்லப்பாண்டி ஓர் உடைந்த கண்ணாடித் துண்டை வைத்துக்கொண்டு அப்பாவின் முதுகில் வெயிலை அடிக்கிறான். விளையாட்டா, பழிவாங்கலா? இரண்டும்தான். யுவன் சங்கர் ராஜாவின் சங்கீதம் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. பிரபலமான ஒருவர் இவ்வளவு அடங்கியிருப்பது சாமான்யம் அல்ல.

அப்பனும் மகனும் நடப்பது என்றதும் டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) நினைவுக்கு வராமல் போகாது. அங்கே முடிவில் மகன் தகப்பனின் கையைப் பற்றிக்கொள்கிறான். நமக்கும் நெஞ்சு இளகுகிறது. வேலு கையை நீட்டுவதில்லை. நீட்டும்படியான கை அது அல்ல.

குறையே இல்லையா? உண்டு. வழியில் ஒரு குடும்பம் எலி பிடித்துச் சுட்டுத் தின்கிற காட்சி வருகிறது. வறுமை உண்மைதான். ஆனால் காமிரா அங்கே வேண்டியதைவிடச் சற்று நேரம் அதிகமாகத் தங்கிவிட்டதோ, சட்டகம் கொஞ்சம் அழகாக அமைந்துவிட்டதோ என்று எனக்கு ஓர் உறுத்தல். அந்த அழகு யாருக்காக? ஏழையின் சோற்றை அந்நியன் கண்ணுக்குப் பரிமாறுகிற ஆபத்து இம்மாதிரிப் படங்களுக்கு எப்போதும் உண்டு. வினோத்ராஜ் அதில் விழுந்துவிட்டார் என்று சொல்லமாட்டேன். விளிம்பு வரை போய்விட்டு வருகிறார்.

தாகத்துக்காகப் பையன் வாயில் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக்கொள்கிறான். எச்சில் ஊறும், நாக்கு வறளாது. வீட்டுக்கு வந்ததும் அதைத் துப்பி எடுத்து ஓரிடத்தில் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் கூழாங்கற்கள் இருக்கின்றன. அவ்வளவுதான். இந்த நடை முதல் நடை அல்ல என்பதற்கு இதைவிடச் சிக்கனமான சாட்சியை நான் சினிமாவில் பார்த்ததில்லை. இலக்கியத்திலும் அபூர்வம்.

இவ்வளவு தூரமும் யாரைத் தேடி நடந்தார்களோ அந்தச் சாந்தி, படத்தின் பெரும்பகுதியில் பேச்சில் மட்டுமே இருக்கிறாள். வீட்டுக்கு வந்து கேட்டால், தண்ணீருக்குப் போயிருக்கிறாள். கடைசியில் காமிரா ஆண்களை விட்டுவிட்டு, பள்ளத்தில் ஊறுகிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றும் பெண்களிடம் போய்விடுகிறது. ஊறும் வரை காத்திருக்கிறார்கள். நாமும் காத்திருக்கிறோம். நண்பர் இங்கே நெளியவில்லை என்பதைக் கவனித்தேன்.

அவருடைய தாயார் கதவோரமாக, நாங்கள் அறியாமலே, உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும், "அந்தப் பொண்ணு கொடம் ரொம்பிச்சா, தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

"அதற்குள் படம் முடிந்துவிட்டதம்மா" என்றேன்.

"ரொம்பறதுக்குள்ள இருட்டிடும்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து உள்ளே போனார்.