ஹாஷ் காவல் காக்காது

பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 63ஆம் பிரிவுக்கான சான்றிதழ்ப் படிவத்தை டிஜிட்டல் ஆதாரம் தருகிறவரும் ஒரு நிபுணரும் ஆளுக்கொரு பகுதியாக நிரப்ப வேண்டும். இரண்டு பகுதியிலும் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் கேட்கிறார்கள். பழைய 65பி சான்றிதழ் இதைக் கேட்டதே இல்லை. ஒரு புரோகிராமராக முதல் வாசிப்பில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு பிட் மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அது செய்வது அவ்வளவுதான். மாறியதை அது திருப்பித் தராது. கோப்பே இல்லையென்றால் அதற்குச் சொல்ல எதுவுமில்லை.

சாத்தான்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூனில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையில் ஒரு விவரம் வருகிறது. சிசிடிவி ஹார்ட் டிஸ்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தது. பதிவுகள் தினமும் தானாக அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது. 19ஆம் தேதி இரவு அப்படித்தான் போனது. மெஷின் மறந்ததை, அன்று பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் தன் நினைவிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

அந்த டிசம்பரில், பரம்வீர் சிங் சைனி வழக்கில், காவல் நிலையப் பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் ஓராண்டாவது வைத்திருக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். நல்ல உத்தரவு. ஆனால் நம்ம ஊர் வழக்குகள் 18 மாதத்தில் முடிகிறவையா? விசாரணையும் மேல்முறையீடும் முடியும்வரை ஆதாரத்தைப் பாதுகாக்க விதிகள் வேண்டும் என்று அதே ஆண்டு ஜூலையில் அர்ஜுன் பண்டிட்ராவ் தீர்ப்பும் சொல்லியிருந்தது.

சும்மா பீரோவில் கிடந்தாலும் ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போகும். காகிதத்தைக் கரையான் அரித்தால் ஓட்டையாவது தெரியும். இதில் வெளியே ஒன்றும் தெரியாது. எங்கள் தொழிலில் இதற்குப் பழைய வைத்தியம் உண்டு: மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, ஒரு நகல் வேறு இடத்தில். அவ்வப்போது ஹாஷைத் திரும்பக் கணக்கிட்டு, கெட்ட நகலை நல்லதிலிருந்து மாற்றிவிடுவோம். பணம் கட்டுகிற வாடிக்கையாளரின் டேட்டாவுக்கு இவ்வளவு செய்கிறோம். ஒருவரின் ஆயுள் தண்டனை தொங்குகிற கோப்புக்கு, கொடுத்த நாளின் ஹாஷ் மட்டும் போதும் என்கிறது படிவம்.

அதில் இன்னும் இரண்டு கட்டங்கள் வேண்டும். இதை இப்போது வைத்திருப்பவர் யார்? கடைசியாக எப்போது சரிபார்த்தார்?