முகவரியுள்ள ஓவியம்

ஓவியத்தைப் பற்றித் தமிழில் எழுதப் புகுவோர் பெரும்பாலும் சுவரையே நோக்குகின்றனர். சித்தன்னவாசலும் தஞ்சைப் பெரிய கோயிலும் அவர்தம் கண்முன் நிற்கின்றன. அளவில் பெரியதா, காலத்தால் பழையதா, பலர் கூடிக் காணத் தக்கதா என்று கேட்டே கலையை எடைபோடப் பழகிவிட்டோம். இந்த எடைக்கல்லுக்குள் அடங்காத ஓவியம் ஒன்று, வங்க மண்ணில் வாழும் நம் கண்ணெதிரிலேயே நெடுநாளாக உள்ளது. உள்ளங்கையினும் சற்றே பெரிதான அது, ஒருவர் கைப்பட வரைந்து, மற்றொருவர் பெயரெழுதி, அஞ்சலில் விடுத்தது. நந்தலால் போஸ் வரைந்த அஞ்சலட்டைகளையே குறிப்பிடுகின்றோம்.

1882-இல் பிறந்த நந்தலால், கல்கத்தா அரசினர் கலைப்பள்ளியில் அவனீந்திரநாதரிடம் பயின்றவர். 1922 முதல் 1951 வரை சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தின் தலைவராக விளங்கியவர். 1966-இல் கல்கத்தாவில் மறைந்தவர். தண்டி யாத்திரைக் காந்தியடிகளின் அச்சுப்படம், 1938-ஆம் ஆண்டு ஹரிபுரா காங்கிரசுக்காக எழுதிய பலகைப் படங்கள், அரசமைப்புச் சட்டத்தின் கையெழுத்துப் படிக்குத் தம் மாணாக்கருடன் செய்த அணிவேலை ஆகியவற்றால் நாடு அவரை அறியும். மாணாக்கர்க்கும் நண்பர்க்கும் உறவினர்க்கும் கார்டில் படம் வரைந்து விடுப்பதை அவர் வாழ்நாள் வழக்கமாகக் கொண்டிருந்தார் என்பதையோ, அவர் வரலாற்றை எழுதுவோர் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். பெரியவர் ஒருவரின் ஓய்வுநேர விளையாட்டு என்பது போன்ற தொனி அவ்வரியில் ஒலிக்கின்றது. நமக்கு அது உடன்பாடன்று.

இந்நாட்டில் அஞ்சலட்டை 1879-ஆம் ஆண்டு சூலை முதல் நாளன்று காலணா விலையில் வந்தது. உறையில்லாத கடிதம், அஞ்சற்காரர் முதல் அண்டை வீட்டார் வரை எவரும் படிக்கலாம். இடமோ மிகக் குறைவு. எனவே எழுதுவோர் சுருங்கச் சொல்லப் பழகினர். நந்தலாலின் தூரிகையும் இந்த நெருக்கடிக்கு உட்பட்டே இயங்கியது. ஓர் ஆடு, ஒற்றைப் பனை, தலையில் சுமையுடன் நடக்கும் சந்தால் பெண், கடற்கரையில் வலை இழுப்போர் என இவையே பொருள். பத்துப் பன்னிரண்டு கீற்றுகளில் ஆட்டின் எலும்பும் தோலும் பிடிவாதமும் வந்துவிடுகின்றன. 1924-இல் தாகூருடன் சீனமும் சப்பானும் சென்று வந்தவர் அவர். கீழையோவியரைப் போலப் படத்தின் ஓரத்தில் சிவப்பு முத்திரை பதிக்கும் வழக்கமும் அவருக்கு உண்டு. வெற்றிடத்தை நிரப்பாமல் விடும் துணிவும் அங்கிருந்தே வலுப்பெற்றது எனலாம். சிறிய அட்டையில் வெற்றிடம் விடுவதற்குத் துணிவு மிகுதியாகவே வேண்டும்.

ஆயினும் சுருக்கம் ஒன்றே இவற்றின் சிறப்பாகாது. குறிப்பேட்டில் வரையும் ஓவியன் தனக்கென வரைகின்றான். ஹரிபுராப் பலகைகளோ வழிப்போக்கரும் உழவரும் காணவென்று எழுதப்பட்டவை. ஆகவே அவற்றின் நிறம் உரத்துப் பேசுகின்றது. அஞ்சலட்டை இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது. அதைக் காணப்போகிறவர் ஒருவரே, அவர் யார் என்பதும் வரைபவருக்குத் தெரியும். பெறுபவர் முன்பே அறிந்ததைப் படத்திலிருந்து நீக்கிவிடலாம். கோபாய் ஆற்றங்கரையில் உடன் நடந்த மாணவனுக்குக் கரையை வரைந்து காட்ட வேண்டியதில்லை. ஒரு கோடு போதும். அந்தக் கோட்டின் மிச்சம் பெறுபவர் நினைவில் இருக்கின்றது. ஓவியத்தின் பாதி முகவரியாளரிடமே உள்ளது என்பது நம் கருத்து.

தமிழர்க்கு இது புதிதன்று. பாணபத்திரருக்காக ஆலவாய் இறைவன் சேரமானுக்கு விடுத்ததாகச் சொல்லப்படும் திருமுகப் பாசுரத்தைப் பதினோராந் திருமுறையில் முதலாவதாக வைத்துப் போற்றினோம். புலவர் புரவலர்க்கு எழுதிய சீட்டுக்கவியைத் தனியொரு வகையாகக் கொண்டோம். பாரதியார் 1919-இல் எட்டயபுரத்து அரசருக்குச் சீட்டுக்கவி விடுத்ததையும் அறிவோம். பெயர் சுட்டி ஒருவருக்கு எழுதிய ஒன்றை இலக்கியமென ஏற்ற நாம், பெயர் சுட்டி ஒருவருக்கு வரைந்ததை ஓவியமென ஏற்கத் தயங்குவது ஏன்?

கடித இலக்கியத்துக்குரிய குறையொன்று இவற்றுக்கும் உண்டு. கு. அழகிரிசாமி தம் நண்பர் கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்கள் நூலாகியுள்ளன. அதைப் படிக்கும்போது, பேசும் குரல் ஒன்றாகவும் கேட்கும் செவி மறைவாகவும் இருப்பதை உணர்கின்றோம். நந்தலாலின் அட்டைகளிலும் அதே நிலைதான். அவர் பெயர் பெரிது. அதனால் அவர் அனுப்பியவை காக்கப்பட்டன. அவருக்கு வந்தவற்றை அவ்வாறு தேடித் தொகுப்பார் யார்? கொடுக்கல் வாங்கலாய் வளர்ந்த ஒரு கலையில் ஒருபுறத் தட்டை மட்டும் வைத்துக்கொண்டு நிறுத்துப் பார்க்கின்றோம்.

எல்லா அட்டைகளும் ஒரே தரத்தன என்று நாம் வாதிடவில்லை. பைன் மரமும் பனிமலையும் முத்திரையுமாகச் சில, கை தானே இயங்கி முடித்தவை போலத் தோன்றுகின்றன. நாள்தோறும் வரைபவரிடம் இது நேர்வதே. ஆனால் இவற்றின் பெருங்குறை ஓவியரைச் சார்ந்ததன்று. காட்டுவோரையும் பதிப்போரையும் சார்ந்தது. கண்ணாடிச் சட்டத்துள் படமுகம் மட்டும் தெரிகின்றது. படத்தொகுதிகளிலும் அஃதே அச்சாகின்றது. முகவரி, அஞ்சல் முத்திரை, நலம் கேட்ட நான்கு வரி யாவும் சுவரை நோக்கித் திரும்பிக் கிடக்கின்றன. அந்தரங்கம் கருதி மறைத்தனர் என்றால் ஒப்பலாம். ஆனால் அஞ்சலட்டையில் அந்தரங்கம் எழுதுவார் அரியர்.

சாந்திநிகேதனத்தில் நந்தலாலின் பிறந்தநாளையொட்டி 1973 முதல் நந்தன் மேளா நடந்து வருகின்றது. மாணாக்கர் கையால் செய்த அட்டைகள் அங்கு விற்கப்படும். அழகியவை, ஐயமில்லை. நம்மவரும் வாங்கி வருகின்றோம். ஆயினும் யாருக்கு என்று அறியாமல் வரைந்த அட்டை, வாங்கியவர் ஒரு பெயரை எழுதும் வரை காத்தே கிடக்கின்றது. நம் வீடுகளில் அது பெரும்பாலும் அலமாரியிலேயே காத்துக் கிடக்கும்.

இத்துறையில் தமிழ்க் குடும்பத்துப் பிறந்த ஒருவர்க்குப் பங்குண்டு என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்று, 1944-இல் கலாபவனம் சேர்ந்த கே. ஜி. சுப்பிரமணியன், நந்தலாலின் கலைக் கட்டுரைகளை வங்கத்திலிருந்து ஆங்கிலமாக்கியவர். அவரது நூற்றாண்டையொட்டி 2024-இல் கொல்கத்தாவில் நடந்த கண்காட்சியில், சீனப் பயணத்தின்போது அவர் வரைந்த அஞ்சலட்டையளவுப் படங்களும் இருந்தன. பெருஞ்சுவர்களை நிறைத்தவர் சிற்றளவையும் கைவிடவில்லை.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். லேக் மார்க்கெட் பகுதியில் குடியேறிய நம் முன்னோர்க்குத் தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வந்த கார்டுகளில் ஓவியம் ஏது என்று கேட்கலாம். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி வந்தால் மணச்செய்தி. மூலையில் கருமை கண்டால், ஒரு வரியும் படிக்குமுன்பே வீட்டில் அழுகை எழுந்தது. எழுத்தறியாப் பாட்டியும் அந்த நிறத்தைப் படித்தாள். வரைந்தவர் கலைஞரல்லர், எனினும் பெறுபவர் அறிந்ததை நம்பி, ஒரு தீற்றலோடு நிறுத்தும் முறை நந்தலாலின் ஒற்றைக் கோட்டுக்கு அயலானதன்று. இன்று பேரப்பிள்ளைகள் வங்க எழுத்தை வழுவின்றிப் படிக்கின்றனர். தாத்தாவின் தமிழ்க் கையெழுத்து அவர்களுக்குப் புரிவதில்லை. கம்பியில் கோத்து வைத்த அக்கார்டுகள், வீடு மாறும்போதெல்லாம் பழைய தாளோடு எடைக்குப் போகின்றன. போகுமுன் ஒருமுறை கம்பியிலிருந்து கழற்றி, இருபுறமும் திருப்பிப் பார்க்கலாம். மஞ்சள் மங்கியிருக்கும்; ஊர்ப்பெயரும் நாளும் வட்ட முத்திரையில் இன்னும் தெரியக்கூடும்.