எத்தனை இஞ்சு குழாய்?

மொழியியலுக்குப் பயந்துதான் அந்தப் பாடத்தை எடுத்தேன். எம்.ஏ. ஆங்கிலத்தில் விருப்பப் பாடம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஒன்று மொழியியல், இன்னொன்று அறிவியல் புனைவும் மிகுபுனைவும். சினிமா பார்த்த ஞானத்தை வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அடடா, எப்பேர்ப்பட்ட தப்புக் கணக்கு! பாபநாசத்திலிருந்து தஞ்சாவூருக்குத் தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறவள் நான். அந்த ஒரு செமஸ்டர் மட்டும் கால் வலித்ததே தெரியவில்லை.

முதல் வாரம் ஃபிராங்கன்ஸ்டைன். மேடம் நேரே எரிமலைக்குப் போய்விட்டார். 1815இல் இந்தோனேசியாவில் தம்போரா வெடித்தது. மறு வருஷம் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை, பயிரெல்லாம் பாழ். ஜெனீவா ஏரிக்கரையில், மழைக்கு வீட்டுக்குள் அடைந்து கிடந்த பதினெட்டு வயசு மேரி, பேய்க்கதைப் போட்டிக்காக யோசித்தது 1818இல் நாவலாக வந்தது. அறுப்புக்கு நின்ற சம்பா மழையில் சாய்ந்து முளைவிட்டதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இந்த முன்கதை சட்டென்று ஒட்டிக்கொண்டது.

பிறகு சீவக சிந்தாமணியின் மயிற்பொறி. உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தபோது, 1887இல் பதிப்பித்த காப்பியம். கும்பகோணம் எங்கள் ஊரிலிருந்து அரை மணி பஸ்தான். பின்பெஞ்சுப் பையன் ஒருவன், "அப்பவே நம்மாளு பிளேன் விட்டிருக்கான் மேடம்" என்றான். "விட்டது இருக்கட்டும்ப்பா, எங்க இறங்குச்சு?" என்றார் மேடம்.

சுடுகாட்டில். வலப்பக்கம் திருகினால் ஏறும், இடப்பக்கம் திருகினால் இறங்கும் என்று ஓட்டப் பழகிய நிறைமாத அரசி விசயை, பகைவனின் வெற்றி முரசைக் கேட்டு மயங்கிவிடுகிறாள். பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கேயே பிள்ளை பிறக்கிறது. பெருமையடிக்கக் கிளம்பிய வகுப்பு கப்சிப்.

ஒரு குறை உண்டு. ஸ்ரீரங்கத்தில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வளர்ந்த சுஜாதாவுக்குப் பாடத்திட்டத்தில் ஒரே ஒரு மணி நேரம்தான். 'என் இனிய இயந்திரா'வின் ஜீனோ நாய்க்குட்டிக்கே அது போதாது!

ஆனால் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது 'சுல்தானாவின் கனவு'. வங்காளத்து ரொக்கையா ஆங்கிலத்தில் எழுதியது. 1905இல் வெளியானது எங்கே தெரியுமா? நம்ம மெட்ராஸிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' பத்திரிகையில்! அந்தக் கதையின் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள், பெண்கள் வெளியே. பெண்களின் பல்கலைக்கழகம் ஒன்று, குழாய்கள் பொருத்திய பலூனை மேலே மிதக்கவிட்டு, வானத்திலிருந்தே தண்ணீர் எடுக்கிறது. இன்னொன்று வெயிலின் சூட்டைச் சேர்த்து வைக்கிறது. படையெடுத்து வந்தவர்களை அந்தச் சூட்டாலேயே ஓட ஓட விரட்டுகிறார்கள். படித்து முடித்ததும் பெண்கள் பக்கம் விசில் பறந்தது. மேடம் கண்டுகொள்ளவில்லை.

அன்றைக்கு ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து தாத்தாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். ஆண்களை வீட்டுக்குள் பூட்டியதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீரில்தான் காது நிமிர்ந்தது. ஜூன் 12 மேட்டூர் திறப்பார்களா, குறுவைக்கு நாற்று விடலாமா என்று எழுபது வருஷமாகக் கவலைப்பட்ட மனிதர்.

"அப்ப மேட்டூர்ல எத்தன அடின்னு பேப்பர்ல பாக்க வேணாங்குற?"

"வேணாம் தாத்தா. யாருகிட்டயும் கேக்கவும் வேணாம்."

கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். "அது எத்தன இஞ்சு குழாய், பாப்பா?"

வியாழக்கிழமை மேடத்திடம் அப்படியே கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தவர், "கதையில இல்லையே! நீயே எழுதிக் கொண்டு வா, அசைன்மென்ட்டா எடுத்துக்கறேன்" என்றார். எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் பலூன் கட்டி, பதினாலு பக்கம் எழுதினேன். வாழ்க்கையில் நான் எழுதிய முதல் கதை.

அதில் ஆறு இஞ்சு குழாய் போட்டிருந்தேன். தாத்தா கேட்டுவிட்டு, பத்தாது என்றார்.